மேட்டுப்பாத்திக்கு எதைக் கொண்டு கரை கட்டுவது?

ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு பருவ மழையையும் வாங்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில், வீட்டுப் புரையிடத்தில் நாலு காய்கறி வைத்துப் பிழைக்க நினைப்பவருக்குப் பெரிய தொல்லை தண்ணீர் வடியாமைதான். தரைமட்டத்தில் நட்ட கத்தரியும் மிளகாயும் அடைமழை நாட்களில் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மாவட்டம் முழுவதும் வெள்ளம் புகுந்தபோது, தரையோடு தரையாக இருந்த காய்கறித் தோட்டங்கள் என்ன ஆயின என்பதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இஞ்சி, மஞ்சள், சிறுகிழங்கு போன்றவற்றை மண்ணைக் கூட்டி உயர்த்திய பாத்தியில் நடும் பழக்கம் இங்கே பல தலைமுறையாக இருந்து வருகிறது.

இப்போது அந்தப் பழக்கத்துக்கு ஒரு புதுமை சேர்ந்திருக்கிறது. வெறுமனே மண்ணைக் கூட்டி விடாமல், நான்கு பக்கமும் கரை கட்டி, பெட்டி போல் அமைத்து, உள்ளே நல்ல மண்ணும் எருவும் நிரப்பிக் காய்கறி வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். மழையில் மண் கரையாது. கோழி கிளறுவது குறையும். வயதானவர்கள் அதிகம் குனியாமல் களை எடுக்கலாம். உப்பு மணலான கடற்கரைப் பகுதியிலும், கல்லும் சரளையுமான மேற்குப் பகுதியிலும் காய்கறி விளைய இதைவிட எளிய வழி கிடையாது.

ஆனால் கரை எதனால் கட்டப்படுகிறது என்பதைப் பார்த்தால்தான் கவலை வருகிறது. கையில் அகப்பட்டதை எல்லாம் கொண்டு கட்டுகிறார்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பழைய டயர், கரிஆயில் பூசிய கம்பு, வர்ணம் உரியும் பழங்கதவு, விழா முடிந்த பின் அவிழ்த்துக் கொண்டு வந்த பிளெக்ஸ் தட்டி என எதையும் விடுவதில்லை. காசு செலவில்லை என்பது ஒன்றே தகுதி. அந்தப் பாத்தியில் விளையும் கீரையைப் பிள்ளைகள் தின்னப் போகிறார்கள் என்ற நினைவு பலருக்கு வருவதில்லை. மருந்தடிக்காத காய்கறி வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே வீட்டிலேயே தோட்டம் போடுகிறோம் என்று சொல்பவர்கள், மருந்தைவிடக் கொடியதைக் கரையாக வைத்துக் கொள்வது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒரு பொருளைக் கரைக்கு எடுக்கும்முன் அதன் விலையைக் கேட்பது இரண்டாவது. அது இதற்கு முன் எதில் ஊறியது, அதன்மேல் எது பூசப்பட்டது என்று கேட்பதுதான் முதலாவது.

தென்னந்தடி என்னும் மலிவுப் பொருள்

இந்த மாவட்டத்தில் மிகவும் மலிவாகக் கிடைப்பது தென்னந்தடி. காய்ப்பு நின்ற மரம், இடி விழுந்த மரம், வேர்வாடல் நோய் பிடித்த மரம் என்று ஆண்டுதோறும் எத்தனையோ தென்னைகள் வெட்டப்படுகின்றன. 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி போட்டால் சுற்றளவு 28 அடி. நன்றாக வளர்ந்த ஒரே தென்னையின் தடி, தலைப்பகுதியைக் கழித்துவிட்டாலும், இந்தப் பாத்தியைச் சுற்றி வந்துவிடும். வண்டிக்கூலி இல்லை; விஷம் எதுவும் கிடையாது; மக்கினால் மண்ணோடு சேரும். ஆகவே தென்னந்தடியே சிறந்தது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஒரு பெரிய அபாயத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தென்னையின் குருத்தைத் துளைத்து நாசமாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம் எது? எருக்குழியும், மக்கிப்போன தென்னந்தடியும்தான். நிற்கும் தென்னையைத் தின்னுவது வளர்ந்த வண்டு. ஆனால் அதன் புழு வளர்வது அழுகிய தடிக்குள். வெண்மையாக, தடித்து, அரைவட்டமாக வளைந்து, பழுப்புத் தலையோடு கிடக்கும் அந்தப் புழுவை எருக்குழி கிளறிய எவரும் கண்டிருப்பார்கள். தென்னந்தோப்பின் நடுவே தென்னந்தடியால் கரை கட்டி, உள்ளே எருவையும் கொட்டி, தினமும் தண்ணீரும் ஊற்றினால், காண்டாமிருக வண்டுக்கு அதைவிட வசதியான வீட்டை யாரும் கட்டிக் கொடுக்க முடியாது. பத்துக் கத்தரிச் செடிக்காகப் பத்துத் தென்னையின் குருத்தைக் கொடுக்கும் வியாபாரம் இது. விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டிய விசிறி போல் தெரிந்தால், தேட வேண்டிய இடங்களில் இந்தக் கரையும் ஒன்று.

அதற்காகத் தென்னந்தடியை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. அடிமரத்தின் வெளிப்பகுதி வைரம் பாய்ந்து கெட்டியாக இருக்கும். நடுப்பகுதியும் தலைப்பகுதியும்தான் சோறு போல் இருந்து சீக்கிரம் அழுகும். முற்றிய மரத்தின் அடிப்பாதியை நெடுக்கில் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு, வெளிப்பலகையை மட்டும் பயன்படுத்தினால் சில ஆண்டுகள் தாங்கும். செதுக்கிய சோற்றையும் தலைப்பகுதியையும் தோப்பில் கிடக்க விடாமல் எரித்துவிட வேண்டும். கரைப் பலகை விரல் அழுத்தினால் அமுங்கும் நிலைக்கு வந்ததும் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும். பாத்தியில் போடும் எருவிலும் புழு இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்க வேண்டும். பச்சை மஸ்கார்டின் என்று சொல்லப்படும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை எருவில் கலந்தால் இந்தப் புழுவுக்கு நோய் பிடித்துச் சாகும். பயிருக்கோ மனிதருக்கோ கெடுதல் இல்லை. தோப்பை விட்டு விலகிய இடத்தில், தென்னையே இல்லாத கொல்லையில், இவ்வளவு கண்காணிப்பும் வேண்டியதில்லை.

கமுகந்தடியைப் பிளந்த வாரிகள் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். பச்சை மூங்கிலும் அப்படியே. மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளிருக்கும் மாவுச்சத்தை வெளியேற்றிவிட்டுக் காயவைத்தால் பூச்சி துளைப்பது குறையும். பனங்கை கிடைத்தால் விடக்கூடாது. பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது வரும் வைரம் பாய்ந்த பனங்கைக்குச் சிதல் எளிதில் பக்கத்தில் வராது. ஆனால் இதற்காகப் பச்சைப் பனையில் கோடரி வைக்க வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்துள்ளது. அறிவிப்பே இல்லாவிட்டாலும், பத்தடிக் கத்தரிப் பாத்திக்காக ஒரு பனையைச் சாய்ப்பவரைப் பற்றி என்ன சொல்வது!

ரப்பர் பலகையும் பச்சை மரமும்

மாவட்டத்தின் மேற்கே ரப்பர் மரத்துக்குப் பஞ்சமில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்த மறுநாள் காலையில், ரப்பர் தோட்டங்களில் விழுந்து கிடந்த மரங்களைக் கண்டவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ரப்பர் மரம் போல் சீக்கிரம் கெடும் மரம் வேறில்லை. வெட்டிய சில நாட்களில் நீலம் பாயும், பூஞ்சாணம் பிடிக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாக்கிவிடும். எனவேதான் அறுவை ஆலைகளில் ரப்பர் பலகையைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊற வைக்கிறார்கள். நாற்காலி, மேசைக்கு இது மிகவும் பொருத்தம். மண்ணில் பதித்து மழையில் நனையும் கரைக்கு இது ஆகாது. போரான் மரத்தோடு ஒட்டிப் பிடித்து நிற்பதில்லை. தண்ணீர் பட்டால் கரைந்து வெளியே வரும். போரான் பயிருக்குத் தேவையான நுண்சத்துதான். ஆனால் தேவை மிகவும் கொஞ்சம். மிஞ்சினால் இலை ஓரம் கருகும். மருந்து கரைந்து போனபின் பலகை மறுபடியும் பச்சை ரப்பர் மரமாகி அழுகும். ஆலையில் கழித்துப் போட்ட துண்டுகளை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருபவர் இரண்டு வகையிலும் நஷ்டப்படுகிறார்.

இதைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, பச்சை நிறம் ஏறிய மருந்து மரத்திடம். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து மரத்தில் ஏற்றும் முறையை 1933-ஆம் ஆண்டு கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் என்பவர். சிதலும் பூஞ்சாணமும் அண்டாத அந்த மரம் உலகம் முழுவதும் மின்கம்பமாகவும், பாலமாகவும், வேலிக்கம்பமாகவும் நின்றது. நாட்டுக்குப் பெருமை சேர்த்த கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆர்செனிக் என்பது பாஷாணம். மரத்திலிருந்து சிறிது சிறிதாக மண்ணுக்கு இறங்குகிறது என்று தெரிந்தபின், அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இந்த மரத்தைத் தயாரிப்பதை 2003-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திக் கொண்டார்கள். மின்கம்பத்துக்குச் சரியாக இருப்பது கீரைப் பாத்திக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய கம்பம், பழைய வேலிக்கால் ஏலத்தில் வந்தால், லேசான பச்சை நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதை அடுப்பிலும் வைக்கக்கூடாது. பாஷாணம் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைச் செடிக்கு உரமாகப் போடுபவர்களும் உண்டு.

ரயில் பாதையில் கிடந்த பழைய கட்டைகளுக்கும் இதே கதைதான். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயில் ஊறியவை அவை. வெயிலில் கறுப்பு எண்ணெய் கசியும். நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும். புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று சர்வதேச ஆய்வாளர்கள் வகைப்படுத்திய பொருட்களில் கிரியோசோட்டும் ஒன்று.

கரிஆயிலைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை விவசாயியே தன் கையால் செய்கிறார். மோட்டார் கடையில் வண்டியிலிருந்து கழித்த எண்ணெயை வாங்கி வந்து கம்பின் அடியில் பூசினால் சிதல் வராது என்பது எல்லோரும் அறிந்த கைப்பாகம். சிதல் வராததன் காரணத்தை யோசித்தால் போதும். எஞ்சினில் எரிந்து தேய்ந்த எண்ணெயில் உலோகத் துகளும், எரிந்த எண்ணெயில் உண்டாகும் நச்சுப் பொருட்களும் கலந்திருக்கின்றன. பந்தல்காலுக்குப் பூசுவதைத் தவிர்க்க முடியாவிட்டாலும், மண்ணைத் தொட்டு நிற்கும் பாத்திக் கரைக்கு ஒருபோதும் கூடாது. மரத்துக்குக் கட்டாயம் ஏதாவது பூசியே ஆக வேண்டுமானால் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் இருக்கிறது. முந்திரி ஆலைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அது அரிய பொருளன்று. முன்பு வள்ளங்களுக்குப் பூசியதும் அதைத்தான். கையில் பட்டால் தோலைப் பொத்துவிடும் என்பதால் உறை போட்டுக்கொண்டு பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் பயன்படுத்தலாம்.

பழங்கதவு, பழஞ்சன்னல் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகள் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் அடித்த எனாமல் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உரிந்து விழும் வர்ணச் செதில் பாத்தி மண்ணில் சேர்ந்தால் பிறகு பொறுக்கி எடுக்க முடியாது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வர்ணம் படாத உத்தரம், கைமரம் எதுவானாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அப்போதும் அது உரக்கிட்டங்கியிலோ, பி.எச்.சி. தூள் மூட்டை அடுக்கிய அறையிலோ இருந்த மரமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் ஒரு காலத்தில் தென்னை அடியிலும் பரண்மேலும் அதைத் தூவாத வீடு குறைவு. தடை வந்ததும் மறைந்துவிடும் பொருளன்று அது.

ஓட்டைக் கவனியுங்கள்

இத்தனையும் கழித்துவிட்டால் பிறகு எதைத்தான் வைப்பது என்ற கேள்வி எழும். நாஞ்சில் நாட்டிலேயே, ஏறக்குறைய இலவசமாகக் கிடக்கும் ஒரு பொருள் இருக்கிறது. ஊருக்கு ஊர் ஓட்டு வீடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுகிறார்கள். பிரித்த ஓடு வேலி ஓரத்தில் பாசி பிடித்துக் கிடக்கிறது. அது சுட்ட மண். வேறெதுவும் அதில் கிடையாது. அழுகாது, சிதல் தின்னாது, வண்டு முட்டையிடாது.

சீமை ஓடு ஒன்று ஏறக்குறைய 16 அங்குல நீளமும் 9 அங்குலத்துக்குச் சற்று மேல் அகலமும் உள்ளது. இதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, 6 அங்குலம் மண்ணுக்குள் பதித்தால் 10 அங்குலக் கரை கிடைக்கும். மேலே சொன்ன 10-க்கு 4 அடிப் பாத்திக்கு 40 ஓடுகள் போதும். பதிக்கும் சாலை மம்பட்டியால் நேராக வெட்டி, ஓட்டின் பள்ளத்தில் அடுத்த ஓட்டின் விளிம்பு படியும்படி நிறுத்தி, வெளிப்பக்கம் மண்ணைத் திம்சு போட்டு இறுக்க வேண்டும். நனைந்த மண் வெளிப்புறமாகத் தள்ளும் என்பதால், பதிக்கும் ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு அடிக்கு ஒரு முளை அடித்தால் இன்னும் நல்லது. உடைந்த ஓடானாலும் பாதகமில்லை. உடைந்த பக்கம் மண்ணுக்குள் போகட்டும்.

ஓட்டில் இன்னொரு வசதி உண்டு. பாட்டத்துக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்பவர், அடுத்த ஆண்டு அந்த இடம் தன் கையில் இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில் கல்கட்டுப் போட முடியாது. ஓட்டைப் பிடுங்கித் தலைச்சுமையாகவே கொண்டு போய்விடலாம்.

இங்கே ஓட்டைப் பற்றிச் சொல்லும்போது, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் சொல்லியாக வேண்டும். அதை 'ஷீட்டு ஓடு' என்று சொல்பவர்களும் உண்டு. உடைந்த தகட்டைச் சுத்தியலால் மேலும் தட்டி, அளவாக்கி, பாத்தி ஓரத்தில் குத்தி வைக்கிறார்கள். வேர் வழியாக அது காய்க்குள் போகும் என்ற பயம் வேண்டாம். பயம் வேண்டியது மூச்சுக்கு. தட்டும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பல நாடுகள் அதை அடியோடு தடை செய்துவிட்டன. உடைந்த தகட்டைத் தட்டாமல், உடைக்காமல், பிள்ளைகள் கை படாத இடத்தில் ஒதுக்குவதே நல்லது.

கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வெட்டுக்கல் எனப்படும் செம்பூரான்கல் கிடைக்கிறது. வீடு கட்டி மிஞ்சிய கல், மூலை உடைந்த கல் இருந்தால் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலே போதும். இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிவதும் நன்மையே. செங்கல் சூளைகள் தோவாளை, ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் உள்ளன. அங்கே அதிகம் வெந்து நெளிந்த கல்லைக் கழித்துப் போடுவார்கள். அது பாத்திக்கு மிகவும் ஏற்றது. வேகாத கல்லை மலிவு என்று ஏற்றி வந்தால் முதல் அடைமழையிலேயே களிமண்ணாகிவிடும். இரண்டு கல்லைத் தட்டிப் பார்த்தால் ஓசையே சொல்லும்.

சிமெண்டு கல்லில் சுண்ணாம்பு கசிந்து மண் கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். மேற்குப் பகுதிச் செம்மண் இயல்பாகவே புளிப்பு மண். அதற்குச் சுண்ணாம்பு போடும்படி வேளாண் துறையினரே சொல்கிறார்கள். கரையிலிருந்து கசியும் சிறிதளவு சுண்ணாம்பு அங்கே தீங்கு செய்யாது. ஆனால் செலவைப் பார்க்க வேண்டும். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள கல்லானால், நமது பாத்திக்கு ஒரு வரிக்கு 21 கல், இரண்டு வரிக்கு 42 கல். பத்துப் பாத்தி போடுகிறவர் 420 கல்லுக்கும் வண்டிக்கூலிக்கும் கணக்குப் பார்க்கட்டும். அந்தப் பணத்துக்கு எத்தனை கூடை எரு வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

கணக்கு என்றதும் ஒன்று. விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. 100 ரூபாய்க்கு வாங்கிய மூங்கில் ஓராண்டில் மக்கினால், ஆண்டுக்குச் செலவு 100 ரூபாய். 600 ரூபாய்க்கு வாங்கிய கல் 20 ஆண்டு நின்றால், ஆண்டுக்கு 30 ரூபாய்தான். ஆனால் அந்த 600 ரூபாய் இன்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் டயரும் பிளெக்சும் நுழைகின்றன. சிறு விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை.

டயரில் உள்ள துத்தநாகமும் ரப்பரில் சேர்த்த எண்ணெய்களும் ஒருபுறம் இருக்கட்டும். அதன் உட்குழியில் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு பெருகும் என்ற ஒரே காரணம் போதும், வேண்டாம் என்பதற்கு. பிளெக்ஸ் தட்டி ஓராண்டு வெயிலில் செதில் செதிலாக உதிர்ந்து மண்ணோடு கலக்கும். உரச்சாக்கும் அப்படியே நூல் நூலாகப் போகும். பூச்சிமருந்து வந்த கேன், என்ன வந்தது என்று தெரியாத நீல நிறப் பீப்பாய் ஆகியவற்றை வெட்டிச் செடி வைப்பதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. ஆயினும் வைக்கிறார்கள் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. டைல்ஸ் கடைகளில் கழித்துப் போடும் மரச்சட்டங்களில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது சூட்டில் பக்குவப்படுத்தியது, 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப்புகை போட்டது. முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை படிந்ததையும் விட்டுவிடுவது நல்லது.

உள்ளே போடுவது

கரை சரியாக இருந்தும் உள்ளே நிரப்புவதில் கோட்டை விடுபவர் உண்டு. நமது பாத்தியில் ஓர் அடி உயரத்துக்கு நிரப்ப 40 கன அடி மண் வேண்டும். அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. செலவைக் குறைக்க அடியில் கதம்பையைப் பரப்புவது இந்த மாவட்டத்துக்கே உரிய நல்ல வழி. குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி நெருக்கமாக ஓர் அடுக்கு வைத்தால், மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். கதம்பையில் சாம்பல் சத்தும் உண்டு.

கயிற்று ஆலைகளில் குவிந்து கிடக்கும் தென்னைநார்க் கழிவை அப்படியே கொட்டுவது வேறு விஷயம். பச்சைக் கழிவில் கரிச்சத்தும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால், அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக் கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், 5 புட்டி சிப்பிக்காளான் விதையும் அடுக்கடுக்காகத் தூவி ஈரம் காய்ந்து விடாமல் வைத்தால், விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கி நல்ல உரமாகும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உப்பங்கழியில் ஊறிய மட்டையின் கழிவானால் முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும்.

கடல் மணல் வேண்டாம். உப்புக்காகவும் வேண்டாம், சத்தின்மைக்காகவும் வேண்டாம். குளச்சல், மணவாளக்குறிச்சி கடற்கரை மணலுக்கு இன்னொரு விசேஷமும் இருக்கிறது. 1909-ஆம் ஆண்டு ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தென்னைநாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துதான் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தோரியம் அடங்கிய, கதிர்வீச்சு உள்ள கனிமம் அது. அந்த மணலை அள்ளிக் காய்கறிப் பாத்தியில் போட வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. அள்ளுவது சட்டப்படியும் குற்றம். நாஞ்சில் நாட்டில் வண்டலுக்கா பஞ்சம்? எத்தனை குளங்கள்! விவசாயிகள் குளத்து வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறை 2024-இல் வந்துவிட்டது. நகரத்துச் சாக்கடை வந்து சேரும் குளத்தை மட்டும் விட்டுவிட்டு, வயல்நீர் வடியும் குளத்து வண்டலைக் கொண்டு வரலாம்.

கரையே இல்லாமலும் முடியும்

கடைசியாக, கரை கட்டியே தீர வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும். அடியில் 4 அடி, மேலே 3 அடி, உயரம் முக்கால் அடி என்று சரிவாக மண்ணைக் கூட்டி, மம்பட்டியின் பின்புறத்தால் தட்டி மெழுகிவிட்டால், நல்ல செம்மண் ஒரு பருவம் முழுவதும் நிற்கும். சரிவில் வெட்டிவேரோ எலுமிச்சைப்புல்லோ நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் அன்னாசியை, விளவங்கோட்டுப் பக்கம் கைதச்சக்கை என்று சொல்வதை, நெருக்கி நடலாம். முள் இருப்பதால் கோழியும் வராது, காயும் கிடைக்கும். கும்பப்பூ அறுவடைக்குப் பின் வயலில் காய்கறி வைப்பவருக்கு இதுவே போதும். அடுத்த கன்னிப்பூவுக்கு நிலத்தைச் சமன் செய்ய வேண்டியவர் கல்லையும் ஓட்டையும் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை. கரை தேவைப்படுவது மணல் பூமிக்கும், சரளைக் காட்டுக்கும், தண்ணீர் ஓடி வந்து அரிக்கும் சரிவுக்கும், குனிய முடியாத முதியவருக்கும்தான்.

மாடித்தோட்டத்துக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் இப்போது பயிற்சிகள் நடக்கின்றன. திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. எந்த விதை, எந்த உரம், எந்தப் பூச்சிக்கு எந்தக் கரைசல் என்று சொல்லும் கூட்டங்களில், எந்தப் பலகை ஆகாது என்பதையும் ஐந்து நிமிடம் சொல்லலாம். பச்சை மரம், கரிஆயில் கம்பு, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, மக்கிய தென்னந்தடிக்குள் இருக்கும் வண்டுப்புழு ஆகியவற்றை மேசைமேல் வைத்துக் காட்டினால் அச்சடித்த பிரசுரத்தைவிட அதிகம் மனத்தில் நிற்கும். இலவசமாகப் பைகளும் விதைகளும் கொடுக்கும் திட்டங்களில், நூல்நூலாகப் போகும் பைக்குப் பதிலாக, பிரிக்கப்படும் வீடுகளின் ஓடுகளைச் சேகரித்துக் கொடுக்க ஊராட்சிகள் முன்வந்தால் செலவும் பெரிதாக இராது.

ஐப்பசி மழைக்கு முன் பாத்தி தயாராக வேண்டுமானால் ஆவணிக் கடைசியிலேயே கரையைப் பதித்துவிட வேண்டும். நிரப்பிய மண் அமர்ந்து தாழ இரண்டு மூன்று நனைப்பாவது பிடிக்கும். தாழ்ந்த அளவுக்கு மேலும் எருவிட்டு நிரப்பி, புரட்டாசியில் நாற்றுப் பிடுங்கி நட்டால், அடைமழை தொடங்குமுன் செடி வேர் பிடித்துவிடும்.